வேலூர்ல 9,000 வாடகைக்கு வீடு, ஆடி பொறக்கறதுக்குள்ள கிடைக்குமா?

குடியாத்தத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். மூணு ஞாயித்துக்கிழமையா வண்டியை எடுத்துகினு வேலூர்ல தெருத்தெருவா சுத்திட்டேன். அந்தக் கடுப்புலதான் எழுதறேன், நீளமா இருந்தா மன்னிச்சிடுங்க.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டுல ஒரு ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். குடியாத்தத்துல தாத்தா காலத்து ஓட்டு வீடு, சொந்த வீடு. அங்கேருந்துதான் தினம் ரெண்டு பஸ் மாறிப் போய் வரேன். இப்போ என் மனைவிக்கு வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில லேப் டெக்னீஷியன் வேலை கிடைச்சிருக்கு. தோட்டப்பாளையம் பக்கம். ஜூலை முதல் தேதி சேரணும். ஷிப்ட் வேலை, சில நாள் முடிய ராத்திரி ஒம்பது ஆகும். அதுக்கு மேல குடியாத்தம் பஸ் புடிச்சு வந்துடுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. பாப்பாவுக்கு மூணு வயசு. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது.

அதனால தரைத்தளம்தான் வேணும். ஒரு பெட்ரூம், ஹால், கிச்சன் போதும். வாடகை 9,000. அட்வான்ஸ் 50,000 வரைக்கும் புரட்ட முடியும்.

பார்த்த வீடுங்க கதை: தோட்டப்பாளையத்துல ஒரு வீட்டு கேட்டுல ‘வாடகைக்கு’ன்னு போர்டு. அந்தம்மா கதவைத் திறந்ததும் கேட்ட மொதல் கேள்வி, “பேஷன்ட்டு யாரு? எத்தினி நாளைக்கு?” பேஷன்ட் இல்லம்மா, குடும்பம், வருஷக்கணக்கா இருப்போம்னு சொன்னேன். மூஞ்சி விழுந்துடுச்சு. காட்பாடி காந்தி நகர்ல ரெண்டு பெட்ரூம் 16,000. கம்மி பண்ணக் கூடாதான்னு கேட்டா, “நாலு பசங்க சேந்து ஆளுக்கு நாலாயிரம் குடுத்துட்டுப் போறாங்க, உங்களுக்கு ஏன் கம்மி பண்ணணும்”னு கேக்கறாரு. அவர் கேக்கறது நியாயம்தான், எனக்குத்தான் பதில் இல்ல.

ரங்காபுரத்துல ஒரு வீடு எல்லாமே பொருந்திச்சு. தரைத்தளம், 8,500, வாசல்ல வேப்ப மரம். அம்மாவுக்குப் போட்டோ கூட அனுப்பிட்டேன். வீட்டுக்காரர் காபி குடுத்தாரு, கடைசியா “நீங்க இன்னா ஆளுங்க?”ன்னு கேட்டாரு. சொன்னேன். “வீட்டுல கலந்துகினு போன் பண்றேன்” அப்படின்னாரு. இன்னிக்கு ஒம்பதாவது நாள்.

கடைசியா வேலப்பாடியில ஒருத்தர் போக்கியத்துக்குத் தரேன்றாரு. நாலு லட்சம் மொத்தமா குடுக்கணும், மூணு வருஷம் இருக்கலாம், மாச வாடகை கிடையாது, காலி பண்றப்போ பணம் திரும்ப வரும். மனைவி நகையை பேங்க்ல வெச்சா, நூத்துக்கு வருஷம் 9 ரூபா வட்டின்னு வெச்சுக்கிட்டாலும் மாசம் 3,000தான் ஆகுது. 9,000 வாடகை எங்க, 3,000 வட்டி எங்க! மச்சான் கண்ணை மூடிகினு போடுன்றான். எனக்கு என்னமோ வயித்தைக் கலக்குது.

எந்தப் பக்கம் தேடலாம், போக்கியம் போடலாமா, இந்த ரெண்டும் சொல்லுங்க. இன்னொண்ணு, ஆடியில வீடு மாறக் கூடாதுன்னு அம்மா ஒரே பிடியா இருக்காங்க. ஜூலை 17-க்குள்ள பால் காய்ச்சியாகணும்.

காட்பாடி பேச்சிலர்:

அண்ணா, காட்பாடிப் பக்கம் குடும்பத்தோட வராதீங்க. நானே விருதம்பட்டுல மூணு பேரோட ரூம் எடுத்திருக்கேன், அதுக்கே தாளம் போடுது. பிரம்மபுரம், சேவூர்னு தள்ளிப் போனா வாடகை குறையும், ஆனா அக்காவுக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு மேல பஸ் கஷ்டம்.

ஆப்ல தேடறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. நல்ல வீடு, கம்மி வாடகைன்னு போட்டோ இருக்கும். போன் பண்ணா, “நான் மிலிட்டரியில இருக்கேன், வட நாட்டுக்கு டிரான்ஸ்பர் ஆயிட்டேன், டோக்கன் அட்வான்ஸ் ஜிபேல போடுங்க, சாவி ஆள் மூலமா வரும்” அப்படின்னு இந்தியில சொல்லுவாங்க. ஐடி கார்டு கூட அனுப்புவாங்க. என் பிரண்டு 5,000 விட்டான். அதே போட்டோவை அப்புறம் கோயம்புத்தூர் வீடுன்னு இன்னொரு பக்கம் பார்த்தோம்.

ஆறு வீட்டு அக்கா:

தம்பி, நிதானமா படி. நான் 2001-ல போளூர்லேருந்து கல்யாணமாகி வேலூர் வந்தவ. இது வரைக்கும் ஆறு வீடு. கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, வேலப்பாடி, ஓட்டேரி, அலமேலுமங்காபுரம், இப்போ சத்துவாச்சாரி பேஸ் 2. தையல் மிஷினைத் தூக்கிகினு ஆறு தடவ ஏறி எறங்கியிருக்கேன். இந்த ஊர்ல வீடு தேடறதுல எனக்குப் பட்டமே குடுக்கலாம்.

மொதல்ல தோட்டப்பாளையத்துல உனக்கு ஏன் மூஞ்சி விழுந்துச்சுன்னு சொல்றேன். இங்க இருக்கற சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு கொல்கத்தா, ஜார்க்கண்டு, அசாம், பங்களாதேஷ்லேருந்தெல்லாம் ஜனங்க வைத்தியத்துக்கு வராங்க. வந்தா ரெண்டு நாள்ல திரும்ப முடியுமா? டெஸ்டு, ஆபரேஷன், மறுபடி செக்கப்புன்னு மாசக்கணக்கா தங்கறாங்க. லாட்ஜுல கட்டுப்படி ஆகாதவங்க, அடுப்பு வெச்சு சமைச்சிக்கற மாதிரி ரூமு தேடுவாங்க. அந்தத் தெருவுங்கள்ல கடை போர்டே பெங்காலியில எழுதியிருக்கறதப் பார்த்திருப்பியே. ஒரு ரூமு நாளைக்கு 500-ன்னு விட்டாலும் மாசம் 15,000. அதையே ரெண்டாத் தடுத்து விட்டா இன்னும் ஜாஸ்தி. உனக்கு 9,000-க்கு விட்டு அவங்களுக்கு இன்னா லாபம்? ஆஸ்பத்திரியிலேருந்து நடந்து போற தூரத்துல நீ தேடறதே வீண். காட்பாடியில இதே கதைதான், அங்க பேஷன்ட்டுக்குப் பதிலா ஸ்டூடண்ட். இந்த ரெண்டு கூட்டமும் போகாத எடம்தான் நம்மள மாதிரி குடும்பத்துக்கு.

உனக்கு வேலை கிழக்கால, ராணிப்பேட்டையில. உன் சம்சாரத்துக்கு ஊர் நடுவுல. அப்புறம் எதுக்கு வேலப்பாடி, பாகாயம்னு தெற்கால போற? சத்துவாச்சாரி, ரங்காபுரம், அலமேலுமங்காபுரம், இந்த வரிசையில தேடு. ராணிப்பேட்டை, ஆற்காடு பஸ்ஸெல்லாம் இந்த ஹைவேஸ்லதான் போகுது, நீ ஒரே பஸ்ல வேலைக்குப் போயிடலாம். அந்தப் பொண்ணு ராத்திரி கிரீன் சர்க்கிள் பக்கம் வந்துட்டா ஷேர் ஆட்டோ கிடைக்கும். ஆனா ஒண்ணு, ஹைவேஸ் ஊரை ரெண்டா வெட்டிகினு போகுது. வீடு எந்தப் பக்கம், ராத்திரியில எங்க தாண்டணும்னு நடந்து பார்த்துட்டு முடிவு பண்ணு. வண்டியில போய்ப் பார்க்காத, நடந்து பாரு. மலையோரம் வாடகை கம்மியா இருக்கும், ஆசைப்படாத. பகல் பூரா வெயில் குடிச்ச பாறை, ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கிகினே இருக்கும். கன்சால்பேட்டைப் பக்கம் யாராவது மலிவாச் சொன்னா, ஐப்பசி மழையில அந்தத் தெரு எப்படி இருக்கும்னு பக்கத்து வீட்ல கேளு.

வீட்டை எப்போ பார்க்கப் போவ? காலைல பத்து மணிக்குத்தானே? தப்பு. இது வேலூர் இல்ல, வெயிலூர். மத்தியானம் ரெண்டு மணிக்குப் போ. மேற்குச் சுவத்துல உள்பக்கமா கையை வெச்சுப் பாரு. பொறுக்க முடியலன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடு. ஓட்டேரியில மாடி வீடு, மேல ஓடு பதிக்காத மொட்டைத் தளம். அக்னி நட்சத்திரத்துல ராத்திரி தரையில தண்ணி ஊத்தி, ஈரத் துணி போட்டுப் படுத்தோம். வாடகை 700 ரூபா மிச்சம்னு போனேன். கரண்டு பில்லும், சின்னவனுக்கு வேர்க்குருவும் அந்த 700-ஐ வட்டியோட வாங்கிக்கிச்சு.

அடுத்தது தண்ணி. ஆத்துல தண்ணி இல்ல, மலையில மரம் இல்லன்னு இந்த ஊரைப் பத்திச் சும்மாவா சொன்னாங்க. 2021 நவம்பர்ல பாலாறு கரை தொட்டுப் போனதப் பார்க்க ஜனங்க பாலத்து மேல திருவிழா மாதிரி நின்னுச்சு, அவ்ளோ அபூர்வம் நமக்கு. பாத்ரூம்ல போய்க் குழாய் வாயைப் பாரு. வெள்ளையா உப்பு பூத்து, பக்கெட்டு உள்பக்கம் சொரசொரன்னு இருந்தா போர் தண்ணி உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, உங்க அம்மா கால்ல ஊத்த ஹீட்டர் போட்டா அதுவும் சீக்கிரம் போயிடும். கார்ப்பரேஷன் காவிரித் தண்ணி எத்தினி நாளைக்கு ஒரு தடவ வருது, உன் போர்ஷனுக்கு சம்பு தனியா, பொதுவா, மோட்டர் யார் போடணும், இதெல்லாம் கேளு. இதை வீட்டுக்காரரைக் கேக்காத. அவரு ‘தண்ணி பிரச்சினையே இல்ல சார்’னுதான் சொல்லுவாரு. எதிர் வீட்டுல கேளு.

எதிர் வீட்டை விட நல்லாச் சொல்றவரு தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரு. அவருக்கு எல்லா வீட்டுத் துணியும் தெரியும், கதையும் தெரியும். ஒரு தடவ நான் அட்வான்ஸ் குடுக்கக் கையில பணத்தோட போய்கினு இருந்தேன். “அந்த வீடாம்மா? வருஷத்துக்கு மூணு குடும்பம் மாறுது, அந்தம்மா வாய் அப்படி” அப்படின்னாரு. அப்படியே திரும்பிட்டேன். புரோக்கருக்கு ஒரு மாச வாடகை குடுக்கறதுக்கு, இவருகிட்ட நாலு சட்டை தேய்க்கக் குடு. காலியாகப் போற வீடும் போர்டு மாட்டறதுக்கு முன்னாடியே இவருக்குத் தெரிஞ்சிடும்.

ரங்காபுரத்துக்காரரு போன் பண்ண மாட்டாரு தம்பி. காத்துகினு இருக்காத. எனக்கும் ரெண்டு எடத்துல நடந்திருக்கு. உனக்குக் காபியாவது வந்துச்சு, எனக்கு ஒரு வீட்ல வாசல்லயே நிக்க வெச்சு தண்ணி குடுத்தாங்க, அந்த டம்ளரை அங்கேயே கவுத்துட்டுப் போகச் சொன்னாங்க. அதுக்கப்புறம் சைதாப்பேட்டையில வீடு பார்த்தேன். அந்த பாயம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: “மோட்டர் போட்டா ஆஃப் பண்ண மறப்பியா?” அஞ்சு வருஷம் இருந்தேன் அங்க. ரெண்டு தடவ மறந்தேன்.

போக்கியத்துக்கு வரேன். வேலப்பாடியில நானும் போக்கியத்துலதான் இருந்தேன், ரெண்டரை லட்சம். மூணு வருஷம் சுகமாப் போச்சு. காலி பண்றேன், பணத்தைக் குடுங்கன்னு கேட்டப்பதான் விஷயம் தெரிஞ்சிது. என் பணத்தைப் போன போக்கியக்காரருக்குக் குடுத்துட்டாரு, எனக்குக் குடுக்க அடுத்த போக்கியக்காரர் வரணும். வரவே இல்ல. பதினாலு மாசம் அலைஞ்சேன். வேற வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கவும் வழியில்லாம அதே வீட்லயே உக்காந்திருந்தோம். நகை வட்டி மட்டும் ஓடிகினே இருந்துச்சு. உன் மச்சான் கண்ணை மூடிகினு போடச் சொல்றானே, நகை அவன் பொண்டாட்டியோடதா?

அட்வான்ஸ் குடுக்கற அன்னிக்கே வீட்டைச் சுத்திப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்ல அனுப்பிடு. செவுத்துல விரிசல், ஒடஞ்ச டைல்ஸ், எல்லாம். போகும்போது பெயிண்டுக்குன்னு ஒரு மாச வாடகை எப்படியும் புடிப்பாங்க. மத்ததுக்கும் சேத்துப் புடிக்காம இருக்கட்டும்.

மாடி வீட்டு வாத்தியார்:

நான் எதிர்ப்பக்கம். சத்துவாச்சாரியில் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். வீட்டுக்காரன் என்றாலே வில்லன் என்று இங்கே எல்லாரும் எழுதுகிறீர்கள். போன முறை இருந்தவர் கடைசி மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, 6,800 ரூபாய் மின்கட்டணத்தை வைத்துவிட்டு ஒரு ராத்திரியில் கிளம்பிவிட்டார். அட்வான்ஸ் ஏன் கேட்கிறோம் என்பதற்கு அதுதான் பதில்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தம்பி தெரிந்துகொள்வது நல்லது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவே தேவையில்லை என்று புரோக்கர்கள் சொல்வது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை வைத்து. புதிய வாடகைச் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதில் உண்டு. ஆனால் இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று அதே பிரிவு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாகத்தான் நாங்கள் எல்லாரும் ஐந்து மாதம், பத்து மாதம் என்று வாங்குகிறோம், நான் உட்பட. வாடகையில் தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்த முடியாது. வீட்டைப் பார்க்க வருவதானாலும் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி அக்கா சொல்லாமல் விட்டுவிட்டார். தனி மீட்டரா, சப் மீட்டரா என்று முதலில் கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். உபயோகம் கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் மொத்த யூனிட் கூடி மேல் படிக்குப் போய்விடும். அதற்குத்தான் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வசூலிக்கிறார்கள். உங்கள் பங்குக்கு வர வேண்டிய இலவசம் உங்களுக்கு வராது.

போக்கியம் என்பது சட்டப்படி அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானம் என்றால் பத்திரப்பதிவு வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு நாலு லட்சம் கொடுப்பது கைமாற்றுக் கடன் கொடுப்பது மாதிரிதான். எதற்கும் முன்னால் அந்த வீட்டின் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள், பார்ப்பதற்குச் செலவு இல்லை. சர்வே எண் கேட்டு வாங்குங்கள். பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். எண் கொடுக்கத் தயங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

பேரம் பேசும் விதம் ஒன்று சொல்கிறேன், என் வீட்டுக்கார இனத்தார் கோபித்துக்கொள்வார்கள். ஆனி கடைசியில் காலியான வீடு ஆடி முழுக்கப் பூட்டியே கிடக்கும். அந்த ஒரு மாத வாடகை போச்சே என்று எங்களுக்கு வயிறு எரியும். நீங்கள் ஆனிக்குள் பால் காய்ச்சிவிடுகிறேன், இந்த மாதமே வாடகை தொடங்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். 500 ரூபாய் குறைய இது நல்ல நேரம். அட்வான்ஸும் இறங்கும்.

ஆறு வீட்டு அக்கா:

வாத்தியாரே, கரண்டு விஷயம் நான் மறந்தது நெஜம். ஆனா அந்த 6,800-ஐ நீங்க முழுசா விட்டுட்ட மாதிரி எழுதறீங்களே, கையில மீதி அட்வான்ஸ் இருந்திருக்குமே?

மாடி வீட்டு வாத்தியார்:

இரண்டு மாதத்து அட்வான்ஸ் மீதி இருந்தது. மறுக்கவில்லை. பெயிண்ட் அடித்தேன்.

குடியாத்தத்தான்:

பன்னெண்டு நாள் ஆச்சு, வந்து சொல்லணும்னு தோணுச்சு.

வேலப்பாடிக்காரர்கிட்ட சர்வே நம்பர் கேட்டேன். “நம்பிக்கை இல்லன்னா விடுங்க சார்” அப்படின்னாரு. மனைவி பக்கத்துல இருந்தா, நகை டப்பாவை எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. மச்சான் இப்போ பேசறதில்ல.

போன ஞாயிறு ரெண்டே கால் மணிக்கு அலமேலுமங்காபுரத்துல ஒரு வீடு பார்த்தோம். இஸ்திரி வண்டிக்காரர் சொன்னதுதான், போர்டே மாட்டல. தரைத்தளம். மேற்குச் சுவர் பக்கத்து வீட்டோட ஒட்டிகினு இருக்கறதால சூடு இல்ல. நான் செவுத்தைத் தடவறதப் பார்த்து வீட்டுக்காரம்மா, “வாஸ்து பார்க்கிறீங்களா தம்பி?”ன்னு கேட்டாங்க. குழாய் வாயில உப்பு பூத்துத்தான் இருக்கு, ஆனா காவிரித் தண்ணிக்குத் தனி சம்பு, குடிக்க, சமைக்க ஆகும்னு எதிர் வீட்ல சொன்னாங்க. தனி மீட்டர். வெஸ்டர்ன் டாய்லெட் இல்ல, அம்மாவுக்கு நாற்காலி மாதிரி வர்றதை வாங்கிப் போட்டுக்கறோம்.

9,500 சொன்னாங்க. வாத்தியார் சார் சொன்ன ஆடிக் கணக்கைச் சொன்னேன். அந்தம்மா சிரிச்சிட்டு 9,000-க்கு வந்தாங்க, அட்வான்ஸ் அஞ்சு மாசம், 45,000. ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்ணலாம்னு சொன்னதுக்கு, மகன்கிட்ட கேட்டுச் சொல்றேன்னாங்க. அது இன்னும் நிக்குது. இன்னா ஆளுங்கன்னு கேப்பாங்கன்னு வாசல்ல நின்னு நெஞ்சு அடிச்சிகினே இருந்துச்சு. கேட்டாங்க. அம்மா நேராச் சொல்லிட்டாங்க. அந்தம்மா “சரி, பாப்பாவ எந்த ஸ்கூல்ல போடப் போறீங்க?”ன்னு அடுத்ததுக்குப் போயிட்டாங்க.

டோக்கன் குடுத்தாச்சு. வர்ற வியாழக்கிழமை காலைல பால் காய்ச்சறோம். அக்கா, நீங்க அந்த ஏரியாவுல இருந்தவங்க, வேற ஏதாவது கவனிக்கணுமா?

ஆறு வீட்டு அக்கா:

ரொம்ப சந்தோஷம் தம்பி. மகன்கிட்ட கேக்கறேன்னதை விடாத, வாரா வாரம் ஞாபகப்படுத்து. கேன் தண்ணி போடறவரு நம்பரைத் தனியா அனுப்பறேன்.

அங்க காலைல ஆறரைக்கெல்லாம் பால் பாக்கெட்டு தீந்துடும், முந்தின நாளே சொல்லி வை. வீட்டுக்குள்ள மொதல்ல உப்பு, மஞ்சள், நெறகுடம் போகணும்னு அம்மா சொல்லுவாங்க. குடத்துக்குத் தண்ணி மட்டும் குடியாத்தத்துலேருந்தே புடிச்சிகினு வந்துடு. வியாழக்கிழமை குழாய்ல வருமோ வராதோ.